ஊதாத் துணிக்குள் இருந்த சூடு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: என் மைனி, அதாவது என் அண்ணன் மனைவி. மைனியின் தங்கை. பக்கத்து வீட்டு அக்கா. நான். சுரூபக் கூட்டுக்குள் மாதா, ஊதாத் துணி மூடியபடி. அண்ணன் இல்லை.

ஊர் தூத்துக்குடி, திரேஸ்புரம். போன வருடம் பெரிய வெள்ளிக்கிழமை. பட்டப்பகல்.

நான் சங்கு குளிக்கிறவன், கடலில் முங்கிச் சங்கு எடுப்பவன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. எழுதிப் பழக்கம் இல்லை. என் மகள்தான் எழுதச் சொன்னாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணனும் சங்கு குளிக்கிறவர்தான். அதற்கு முந்தின ஐப்பசியில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். வேறு வள்ளக்காரர்கள் பார்த்துத் தூக்கினார்கள். அண்ணனைக் காணோம். நாங்கள் எல்லோரும் போய்த் தேடினோம். நான் முங்கினேன். அடியில் சேறு கலங்கிக் கிடந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கையால் துழாவித்தான் பார்க்க வேண்டும். துழாவினேன். கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காததால் மைனி எதற்கும் சம்மதிக்கவில்லை. இறந்தவர்களுக்குக் கேட்கும் பூசையை அண்ணனுக்காகக் கேட்கக் கூடாது என்றார். படத்துக்கு மாலை போடக் கூடாது என்றார். தாலியைக் கழற்றவில்லை. "அவிய வருவாவ" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். நானும் கேட்டதில்லை.

அவர்களுக்கு ஒரே மகன். துபாயில் கேமரா மாட்டும் வேலை பார்க்கிறான். அப்பா இறப்பதற்கு முந்தைய வருடம் லீவில் வந்தபோது ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி வந்து வீட்டில் வைத்தான். வீட்டில் உள்ளவர்கள் போனில் எடுக்கும் படம், வீடியோ எல்லாம் தானாக அந்தப் பெட்டிக்குள் வந்து சேரும். போன் தொலைந்தாலும் படம் தொலையாது. அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் உண்டு. நாங்கள் பேக்கப் பெட்டி என்போம்.

'இறப்பதற்கு' என்று எழுதிவிட்டேன். மைனி முன்னால் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். காலையில் வள்ளம் தள்ளும் முன் போனை எடுத்துக் கடலைக் காட்டுவார். தண்ணீர் தெளிவா கலங்கலா, காற்று எந்தப் பக்கம் என்று இரண்டு வார்த்தை சொல்வார். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காக. வீட்டுக்கு வந்தவுடன் அது பெட்டியில் ஏறிவிடும். அவன் அங்கே இருந்து பார்ப்பான். அண்ணனோடு போனும் போய்விட்டது. வீடியோ எல்லாம் பெட்டியில் இருந்தது. அதில் மட்டும்தான் இருந்தது.

தகவல் கேட்டு மகன் ஓடி வந்தான். கொஞ்ச நாள் இருந்தான். திரும்பிப் போகும் முன் என் போனிலும் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தான். பெட்டியின் சூடு எவ்வளவு என்று அதில் தெரியும். பச்சையாக இருந்தால் நல்லது. சிவப்பு வந்தால் ஆகாது. "அம்மாட்ட இதச் சொன்னா வெளங்காது சித்தப்பா. நீங்க பாத்துக்கிடுங்க" என்றான். சரி என்றேன். மாதக்கணக்காகப் பச்சைதான்.

தவசு காலம், எங்கள் நாற்பது நாள் நோன்பு, முடியப் போகும் சமயம் சிவப்பு வந்தது.

மகனுக்கும் அங்கே காட்டியிருக்கிறது. வாய்ஸ் மெசேஜ் போட்டான்.

"சித்தப்பா, பொட்டி சூடாவுது. அறுபதத் தாண்டிட்டு. தூசி அடைச்சிருக்கும். நல்லாத் தொடச்சிட்டு ஒரு ஃபேன அது பக்கமா திருப்பி வைங்க."

போனேன். டிவிப் பலகையில் விளக்கு மினுங்கிக்கொண்டு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. ஈரத் துணி வேண்டாம், காய்ந்த துணியால் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். துடைத்தேன். பழைய பல்துலக்கும் பிரஷ் எடுத்து ஓட்டைகளைத் தேய்த்தேன். உப்புக்காற்றுப் பட்டு அழுக்கு பிசின் மாதிரி பிடித்திருந்தது. மைனி எதிரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி செய்யுதிய?"

"பொட்டி சூடாவுதாம் மைனி. மகன் தொடைக்கச் சொன்னான்."

அவர் சுரூபக் கூட்டின் பக்கம் பார்த்தார்.

"தொடைங்க" என்றார்.

மேசை ஃபேனைத் திருப்பி வைத்தேன். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. போனைப் பார்த்தேன். அறுபத்திநான்கு. கை சில்லென்கிறது. எண் ஏறுகிறது. இரண்டு முறை தொட்டேன். இரண்டு முறை பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. போன்தான் தவறாகக் காட்டுகிறது என்று நினைத்தேன். துடைத்த பெட்டியை ஒரு படம் எடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வரும்போது ஒன்று கண்ணில் பட்டது. அந்த அறையில் சுவரோடு சேர்த்து ஒரு பெரிய மரக்கூடு உண்டு. உள்ளே மாதா சுரூபம், அதாவது சிலை. தவசு காலத்தின் கடைசி இரண்டு வாரம் சுரூபங்களை ஊதாத் துணி போட்டு மூடுவது எங்கள் வழக்கம். கோயிலிலும் மூடுவார்கள், சில வீடுகளிலும் மூடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கு சனிக்கிழமை இரவுப் பூசையில் மணி அடித்த பிறகுதான் துணியை எடுப்பார்கள். நடுவில் யாரும் தொடுவதில்லை. மைனி வருடம் தவறாமல் மூடுவார். இந்த வருடம் துணியைச் சுற்றிலும் குத்தூசி வைத்து இழுத்துக் கட்டியிருந்தார். கீழ்விளிம்பை மட்டும் கை நுழையும்படி ஊசி குத்தாமல் விட்டிருந்தார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

பெரிய வெள்ளி அன்று எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. வியாழன் மாலையிலிருந்து கோயில் மணியும் அடிக்காது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். தெருவே அடங்கிக் கிடக்கும். வெயில் மட்டும் இருக்கும். நான் வீட்டில் வலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைனியின் பக்கத்து வீட்டு அக்கா வந்து வாசலில் நின்றார். என்னைவிட மூத்தவர். எதற்கும் பயப்படுகிறவர் இல்லை. அன்று அவர் முகம் சரியில்லை.

"ஏலே, இங்க வா. ஒங்க மைனி வீட்டுல மணி அடிக்கி."

"இன்னைக்கு ஏது மணி?"

"அதத்தாம்லே நானும் கேக்கேன். வந்து கேளு."

போனேன். தெருவிலேயே கேட்டது. கோயில் மணி போல இல்லை. மெல்லிசாக ஒரு கூவல். கூவும். நிற்கும். மறுபடி கூவும். மணி அடிக்காத நாளில் அது ரொம்பத் தூரம் கேட்டது. எதிர்வீட்டு நாய் வாசலில் நின்று மைனி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை.

உள்ளே மைனியின் தங்கை இருந்தார். பெரிய வெள்ளிக்கு அக்காவோடு இருக்க வந்தவர். வாய் நீளம்.

"வாங்க மச்சான். தண்ணிக்குள்ள முங்கி முங்கி ஒங்களுக்குக் காது அடைச்சுப் போச்சோன்னு நெனச்சேன். இவ்வளவு நேரமா கத்துது."

"எங்க கத்துது?"

அவர் கையை நீட்டவில்லை. கண்ணால் காட்டினார். சுரூபக் கூடு.

மைனி கூட்டின் முன் தரையில் முட்டி போட்டிருந்தார். முதுகு எங்கள் பக்கம். நாங்கள் வந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய வலது கை துணியின் கீழ்விளிம்புக்குள் போயிருந்தது. முழங்கை வரை.

பிறகு அதைப் பார்த்தேன். ஊதாத் துணி ஒரு இடத்தில் லேசாக உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது. அடங்கியது. தூங்குகிற ஆளின் போர்வை அப்படித்தான் அசையும்.

"அன்னா பாருலே" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சத்தமே வரவில்லை. "மாதா மூச்சு விடுதா."

"சும்மா கெடங்கக்கா. சன்னல் காத்து" என்றார் தங்கை.

"சன்னல நாந்தாம்ளா சாத்துனேன்."

தங்கை செபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

அப்போது என் போன் அசைந்தது. மகன். இரண்டு வாய்ஸ் மெசேஜ். காதில் வைத்துக் கேட்டேன்.

"சித்தப்பா, நீங்க தொடச்சேன்னு ஒரு படம் போட்டியள்ல, அது நெட்டு வருத மோடம். பொட்டி அங்கன இல்ல. கரண்டு போனா அணஞ்சிருதுன்னு நான் போறதுக்கு முந்தி எடம் மாத்திட்டேன். சுரூபக் கூட்டுக்குள்ள, மாதாவுக்குப் பின்னால இருக்கு. மாதாவுக்கு எரியுத பல்பு மட்டுந்தான இன்வெர்ட்டர்ல ஓடுது, அதான் அங்கன வச்சேன். ஒங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

நான் துடைத்தது வேறு பெட்டி. மைனி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சொல்லவில்லை.

இரண்டாவது மெசேஜ்.

"இன்னொண்ணு சித்தப்பா. சூடு கூடினா அது கூவும், ரொம்பக் கூடினா தன்னால அணஞ்சிரும். அப்பிடித்தான் அணையுது. ஆனா தன்னால எழும்பாது. பட்டன அமுக்கணும். அது திரும்பத் திரும்ப எழும்புது. யாரோ எழுப்புதாவ. இப்பிடியே போனா உள்ள டிஸ்க்கு வெந்துரும். அப்பா வீடியோ ஒண்ணுகூட மிஞ்சாது. வேற காப்பி எங்கிட்ட இல்ல. லீவுல வந்து எடுக்கலாம்னு இருந்துட்டேன்."

கடைசியில் அவன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பாவைக் கடைசியாகப் பார்க்காதவன் அவன். அவனுக்கு இருந்தது அந்தக் கடல் வீடியோக்கள் மட்டும்தான்.

போனைக் கீழே இறக்கினேன். துணிக்குள் போயிருந்த மைனியின் கையைப் பார்த்தேன்.

"மைனி, கொஞ்சம் தள்ளுங்க. துணிய எடுக்கணும்."

"எடுக்கக் கூடாது. நாளைக்கு ராத்திரி மணி அடிக்கணும்."

"பொட்டி வெந்துரும்னு மகன் சொல்லுதான்."

"துணிய எடுக்கக் கூடாது தம்பி."

"எடுக்கல. கைய மட்டும் உள்ள விடுதேன். நீங்க தள்ளுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

நான் முட்டி போட்டுக் கண்ணை மூடினேன். கலங்கல் தண்ணீரில் முங்கும்போது அப்படித்தான் மூடுவோம். திறந்து வைத்தும் பயன் இல்லை. கை பார்த்துக்கொள்ளும்.

கையை விட்டேன். உள்ளே சூடு. வெயிலில் கிடந்த மணல் மாதிரி. முதலில் விரலில் பட்டது மாதாவின் பாதம். சூடாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி, வளைந்து படுத்திருந்தது. அதைத் தாண்டிக் கையைப் பின்னால் கொண்டுபோனேன். ஒரு இடத்தில் மணிக்கட்டில் காற்று பட்டது. வெந்நீர் ஆவி மாதிரி. நின்று நின்று வந்தது.

அடுத்து விரலில் பட்டது தகரம் இல்லை. துணி. ஊதாத் துணி இல்லை, வேறு துணி. உப்பில் ஊறி மொடமொடவென்று. விரலை நகர்த்தினேன். காலர். அதன் கீழே பட்டன். அடுத்த பட்டன். மூன்றாவது பட்டன் இல்லை.

அது யார் சட்டை என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

சட்டை தட்டையாகக் கிடக்கவில்லை. பட்டன் போட்டிருந்தது. உள்ளே ஆள் இருப்பது போல நிறைந்திருந்தது. சூடாக இருந்தது. உள்ளே ஏதோ சன்னமாக அதிர்ந்தது. அந்தக் காற்று சட்டைக் கையின் வழியாகத்தான் வந்தது.

சங்கு குளிக்கிறவர்களைக் கடலில் ஆள் தேடவும் கூப்பிடுவார்கள். நான் சிலரைத் தொட்டுத் தூக்கியிருக்கிறேன். எல்லோரும் குளிர்ந்தவர்கள். இதே கையால் அண்ணனை எவ்வளவு தேடினேன். அகப்படவில்லை. இப்போது சுரூபக் கூட்டுக்குள், சூடாக, மூச்சு விட்டுக்கொண்டு.

அது பெட்டிதான் என்று என் புத்திக்குத் தெரியும். ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது.

கத்தல் நின்றது. அதிர்வும் நின்றது. சட்டைக்குள் எல்லாம் அடங்கியது. பெட்டி தன்னால் அணைந்துவிட்டது.

"நின்னுட்டா?" என்றார் மைனி.

"நின்னுட்டு."

"சூடு இருக்கும்போதே அமுக்கணும் தம்பி. ஆற விடக் கூடாது. அந்தச் சட்ட வழியாவே அமுக்கலாம். வலது பக்கம்."

தங்கைக்கு அப்போதுதான் விளங்கியது. "எக்கா, நீயா? நீயா இத செய்யுத? நான் பேயின்னு பயந்து சாவுதேன் இங்கன!"

மைனி அவரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

"அவிய சட்டைய மாதா பக்கத்துல வைப்பம்னு வச்சேன். பொட்டி மேல போட்டேன். மறுநாளு தொட்டா சூடா இருந்துச்சு. அவிய கழத்திப் போட்ட மாதிரியே இருந்துச்சு தம்பி. பெறவு சுத்தி, பட்டன் போட்டு வச்சேன். துணியும் மூடினேன். அப்பறம் ஆறவே இல்ல. ஆறப் பாத்தா அமுக்குவேன்."

"பொட்டின்னு தெரியுமா மைனி?"

"தெரியாமலா? விசிறிச் சத்தம் கேக்காதா எனக்கு?"

மகன் சொன்னதை மட்டும் சொன்னேன். பெட்டி வெந்தால் அண்ணன் வீடியோ எல்லாம் போய்விடும், வேறு எங்கும் இல்லை.

"போனாப் போவுது" என்றார். "படம் எனக்கு எதுக்கு? படத்துல சூடு இருக்கா?"

பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நான் பேசத் தெரிந்தவன் இல்லை. போனில் மகனின் இரண்டாவது மெசேஜை மறுபடி வைத்தேன். இந்த முறை சத்தமாக. அவன் குரல் அந்த அறையில் கேட்டது. 'அப்பா வீடியோ ஒண்ணுகூட மிஞ்சாது' என்ற இடத்தில் மைனி கண்ணை மூடினார். கடைசியில் அவன் குரல் உடைகிற இடம் வந்தது. முடிந்தது.

மைனி எழுந்து வந்து என் இடத்தில் முட்டி போட்டார். துணியைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் உள்ளே விட்டார். தோள் அசைவதை வைத்து என்ன செய்கிறார் என்று தெரிந்தது. ஒவ்வொரு பட்டனாகக் கழற்றினார். அவசரப்படவில்லை. தூங்குகிற ஆளை எழுப்பாமல் சட்டை கழற்றுவது போல இருந்தது.

சட்டை வெளியே வந்தது. அதை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. வாங்கில் போய் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு நான் கையை விட்டு வயரோடு பெட்டியைப் பிடித்துக் கீழ்விளிம்பு வழியாக வெளியே எடுத்தேன். மாதாவின் துணி கலையவில்லை. பெட்டி அடுப்புக்கல் மாதிரி சுட்டது. ஓட்டைகள் எல்லாம் சட்டை நூலால் அடைத்திருந்தன. தரையில் வைத்து நாலு பக்கமும் இடம் விட்டேன். ஃபேனைத் திருப்பினேன். ஆறும் வரை யாரும் பட்டனைத் தொடக் கூடாது என்று மகன் போனில் சொன்னான். காத்திருந்தோம்.

மைனி சட்டையை முகத்தில் வைத்திருந்தார். எடுத்துப் பார்ப்பார். மறுபடி வைப்பார். மூன்று மணிக்கு, ஆண்டவர் உயிர்விட்ட நேரம், கோயிலில் மரக்கட்டை தட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் முட்டி போட்டோம். மைனி மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

"குளுந்துட்டு" என்றார்.

அவ்வளவுதான். சத்தம் போட்டு அழவில்லை. சட்டையை மடித்தார். நன்றாக, நாலாக மடித்தார்.

பெட்டியை நான் எழுப்பினேன். ஒரு கூவல். பச்சை வந்தது. மகன் அங்கே இருந்து பார்த்து எல்லாம் இருக்கிறது என்று சொன்னான். அதற்குப் பிறகு லீவில் வந்து வேறு காப்பியும் எடுத்துக்கொண்டான். பெட்டி இப்போது டிவிப் பலகையில் இருக்கிறது. அந்த ப்ளக்குக்கும் இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்துவிட்டோம்.

பாஸ்கு முடிந்த வாரம் மைனி தானாகவே கோயிலுக்குப் போய் அண்ணன் பேரில் பூசை கேட்டார். நாங்கள் யாரும் சொல்லவில்லை. பூசைக்கு என் பக்கத்தில் நின்றார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டது. கடலுக்குப் போகும் முன் நான் அந்த வழியாகத்தான் போவேன். மைனி வாசலில் நிற்பார். "இன்னைக்கு எவ்வளவு தம்பி?" என்று கேட்பார். காய்ச்சலில் கிடக்கிற ஆளைப் பற்றி வெளியே நின்று கேட்பது மாதிரி. நான் போனைப் பார்த்து எண்ணைச் சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

சூடு குறைந்தால் பெட்டிக்கு நல்லது. மைனிக்கும் அது நல்லதுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று கை உள்ளே போனதிலிருந்து, எதையும் வெறும் சாமான் என்று என்னால் தூக்கி வைக்க முடிவதில்லை. ஆனால் எண்ணை மாற்றிச் சொன்னதில்லை. இன்று காலையும் கேட்டார். பார்த்துச் சொன்னேன்.

நாற்பத்தொன்று.